ரஃப் நோட்டின் ஓரத்தில் நீ எழுதிய காற்று

கல் வீட்டிலிருந்து தண்ணீர் வீட்டுக்கு. என் அருமைச் சம்பந்தி சகாயத்துக்கு,

உன் பெயரை எடுக்கச் சொன்னார்கள். நான் எடுக்கவில்லை. மற்ற சேதியெல்லாம் பிறகு, இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நம் கட்டுரை அச்சாகிவிட்டது. நேற்று மதியம் கல்லூரிக்குத் தபாலில் வந்தது. முதல் பெயர் சகாயமேரி. அடுத்தது தனலட்சுமி. மூன்றாவதாக நம் கைடு. உன் பெயருக்கு மேல் ஒரு சின்ன நட்சத்திரக் குறி போட்டிருக்கிறார்கள். பக்கத்தின் அடியில் அதற்கு விளக்கம், காலமாகிவிட்டார் என்று. அந்த நட்சத்திரம் மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. அதை எடுக்க எனக்கு வழி தெரியவில்லை.

"இல்லாதவங்களுக்கு நன்றி சொல்றதுக்குன்னு கடைசியில ஒரு பத்தி இருக்கேம்மா, அங்க போட்டாப் போதாதா?" என்று கைடு கேட்டார். "போதாதுங்க சார்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் அவர் முன்னால் நின்று அப்படிப் பேசி நீ பார்த்ததே இல்லை. பார்த்திருந்தால், வெளியே வந்ததும் சந்தோஷத்தில் என் முதுகில் ஒன்று போட்டிருப்பாய்.

இந்தக் கடிதத்தை நம்மைத் தெரியாதவர்களும் படிக்கப் போகிறார்கள். அவர்களுக்காகக் கதையை ஒரு முறை முதலிலிருந்து சொல்கிறேன். தெரிந்த கதைதானே என்று கொட்டாவி விடாதே. கடைசிப் பாதி உனக்கே தெரியாது.

நாம் சொந்தக்காரர்கள் இல்லை. நீ குஜிலியம்பாறைப் பக்கத்து மானாவாரி நிலத்தை நம்பிய கத்தோலிக்க வீட்டுப் பெண். நான் ஆயக்குடிக் கொய்யாத் தோப்புக்காரர் மகள். தொண்ணூறுகளின் நடுவில் எம்.எஸ்சி. வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம், இருவருமே பள்ளிக்கூடம் முழுக்கத் தமிழ் மீடியம் என்பதால். பிறகு திண்டுக்கல்லில் அதே கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில், ஒரே கைடிடம் பிஎச்.டி.க்குப் பதிந்தோம். படிகத்தைத் தேய்த்து மெருகேற்றுவது என் வேலை. அதன் மேல் தண்ணீர்த் துளி வைத்து அளப்பது உன் வேலை. "நீ மாப்பிள்ளை வீடு, நான் பொண்ணு வீடு. கல்லும் தண்ணியும் சேந்தாத்தேன் நம்ம ரெண்டு பேருக்கும் சோறு" என்று ஒரு நாள் சொன்னாய். அன்றிலிருந்து நாம் சம்பந்திகள். என் கொங்குப் பேச்சைக் கேலி செய்யும்போது மட்டும் "ஏனுங்க கல்வீட்டு அம்மணி" என்பாய்.

தண்ணீரை ஆராய வேண்டும் என்று நாம் தொடங்கவே இல்லை. பெரிய நிறுவனம் ஒன்றில் வளர்த்து, மூலையில் விரிசல் விழுந்ததால் ஒதுக்கிய லித்தியம் நியோபேட் படிகத் துண்டுகள் நமக்குக் கிடைத்தன. இரும்பு கலந்தவை. பால் ஊற்றாத தேநீரின் நிறம். அவற்றுக்குள் லேசர் ஒளி எப்படி வளைகிறது என்று பார்ப்பதுதான் உனக்குத் தந்த வேலை. ஒரு நாள் காலை பச்சை லேசரை நிறுத்திவிட்டுப் படிகத்தைக் காய்ச்சி வடித்த தண்ணீரில் கழுவியிருக்கிறாய். மேல்மாடி முழுக்கக் கேட்கும்படி என்னைக் கூப்பிட்டாய்.

"ஏய் சம்பந்தி, ஓடியா. இங்கிட்டுத் தண்ணி குண்டுமணி கணக்கா நிக்கிது. வெளிச்சம் விழுந்த எடத்துல மட்டும் படுத்துக்கிருச்சு பாரு."

பார்த்தேன். லேசர் பட்ட இடத்தில் தண்ணீர் தட்டையாகப் பரவியிருந்தது. படாத இடத்தில் உருண்டு நின்றது. ஒரே கல், ஒரே தண்ணீர். நீ தரையில் உட்கார்ந்துவிட்டாய். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இதய வால்வு பழுதானவள் நீ. மாடிப்படி ஏறும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் செத்த நேரம் நின்றுதான் ஏறுவாய். அன்று மூச்சு வாங்கியது அதனால் இல்லை.

அப்புறம் வேறு எதையும் நீ செய்யவில்லை. பழைய ஸ்லைடு புரொஜெக்டரின் விளக்கைத் துளிக்குப் பின்னால் வைத்தாய். துளியின் நிழல் சுவரில் ஒட்டிய வரைபடத் தாளில் பெரிதாக விழும். பென்சிலால் அதன் விளிம்பை வரைந்து, பாகைமானி வைத்து, துளி கல்லைத் தொடும் இடத்தின் கோணத்தை அளப்பாய். நம் ப்ளஸ் ஒன் புத்தகத்தில் அதற்குச் சேர்கோணம் என்று பெயர். துளி நிமிர்ந்து நின்றால் சேர்கோணம் பெரிது, படுத்துவிட்டால் சிறிது. சேர்கோணம் என்ற சொல் உனக்கு அம்புட்டுப் பிடிக்கும். சம்பந்தி வீட்டுச் சொல் அது என்பாய்.

சிக்கல் என்னவென்றால், சில நாள் துளி படுக்கும், சில நாள் படுக்காது. அதே கல், அதே லேசர், அதே நேரம். படுத்த நாளை எழுதிய அதே நிதானத்தோடு படுக்காத நாளையும் எழுதினாய். உன் ரஃப் நோட்டில் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்துப் போட்டாய். நம் லேபில் வேறு யாருக்கும் அந்தப் பழக்கம் கிடையாது. "பேங்க் செக்கா அது?" என்று நான் கேட்பேன். "நான் பாத்தேங்கிறதுக்கு நாந்தேன் சாட்சி" என்பாய்.

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன்.

நீ மதுரைக்கு இதயப் பரிசோதனைக்குப் போயிருந்த வாரம். கடலோர நகரத்துப் பெரிய ஆய்வகம் ஒன்று, நம் முடிவுகளை அனுப்பினால் தாங்களும் செய்து பார்ப்பதாக எழுதியிருந்தது. கைடு உன் ரஃப் நோட்டைக் கொண்டுவரச் சொல்லிப் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரலை வைத்தார்.

"இது ஜூலை மாசத்து ரீடிங். ஓரத்துல மேன்னு எழுதியிருக்கு பாரு. இந்தப் பொண்ணுக்கு மாசம் கூடவா தெரியாது?"

எட்டிப் பார்த்தேன். சிவப்புக் கோட்டுக்கு இடப்புறம், மார்ஜினில், சின்ன எழுத்தில் 'மே' என்று இருந்தது. வேறு பக்கங்களில் 'கொ' என்று இருந்தது. எனக்கும் தெரியவில்லை. கொ என்றால் கொஞ்சம், துளியைக் கொஞ்சமாக வைத்திருப்பாய் என்று நானாக நினைத்துக்கொண்டேன். "இந்தக் குப்பையெல்லாம் இல்லாம சுத்தமா ஒரு ஃபேர் நோட்டுப் போட்டுக் குடும்மா" என்றார். போட்டுக் கொடுத்தேன். பள்ளிக்கூடத்தில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவள் அல்லவா நான். தேதி, கோணம், நேரம் எல்லாம் வரி பிசகாமல் எழுதினேன். மார்ஜினை வெறுமையாக விட்டேன். அதன் நகல்தான் அந்த ஆய்வகத்துக்குப் போனது. வருடக்கணக்காக உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், அது என்ன எழுத்து என்று உன்னிடம் ஒரு நாளும் கேட்கவில்லை.

நீ திரும்பி வந்து அந்த ஃபேர் நோட்டைப் புரட்டினாய். ஒரு பக்கத்தில் உன் விரல் சிவப்புக் கோட்டுக்கு இடப்பக்கமாகப் போய் நின்றது. பிறகு, "எழுத்து அழகா இருக்கு சம்பந்தி" என்று மூடி வைத்தாய்.

அந்த விரல் எதைத் தேடியது, சகாயம்? பெரிய ஊர்க்காரர்களுக்கு இதெல்லாம் எதற்கு என்று நீயே விட்டுவிட்டாயா? அது முக்கியம் என்று அன்றைக்கு உனக்கே தெரியாதா? இந்தக் கேள்வியை நான் இன்னும் தூக்கிக்கொண்டு திரிகிறேன்.

அந்தக் கடலோர நகரத்துக் கருத்தரங்குக்கு நாம் இருவரும் ரயிலில் போனது உனக்கு மறந்திருக்காது. நீ மேடை ஏறினாய். பேச்சு நன்றாகத்தான் போனது. நடுவில் ஒரு இடத்தில் இங்கிலீஷ் வார்த்தை நாக்கில் வராமல், சேர்கோணத்தை அப்படியே பெயர்த்து "ஜாயினிங் ஆங்கிள்" என்றாய். முன்வரிசையில் சிரித்தார்கள். அவர்களுடைய புத்தகத்தில் அதற்குக் காண்டாக்ட் ஆங்கிள் என்று பெயர். சிரிப்பு அடங்கும் முன்னே அந்த ஆய்வகத்துப் பேராசிரியர் எழுந்தார். உங்கள் குறிப்புப்படியே நாங்களும் பல முறை செய்து பார்த்தோம், ஒன்றும் நடக்கவில்லை, நீங்கள் பார்த்தது விரலில் இருக்கும் எண்ணெய் அழுக்கு என்றார். அடுத்த முறை படிகத்தைத் தொடும் முன் கையை நன்றாகக் கழுவுங்கள் என்றார். மறுபடியும் சிரிப்பு.

நீ மைக்கை விடவில்லை. தமிழிலேயே கேட்டாய். "சார், அழுக்கு எங்கிட்டு வேணாலும் ஒக்காரும். வெளிச்சம் விழுந்த எடத்துல மட்டும் வட்டமா ஒக்காருமா?"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அமர்வை நடத்தியவர் அடுத்தவர் பெயரைக் கூப்பிட்டார். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து உன் பக்கத்தில் வந்து நின்றிருக்கலாம். நிற்கவில்லை.

திண்டுக்கல் வந்ததும் நீ கை கழுவத் தொடங்கினாய். துணி சோப்பு, லேப் சோப்பு, பிறகு ஸ்பிரிட். விரல் முட்டிகள் வெடித்து வெள்ளையாகத் தோல் உரிந்தது. அப்போது ஐப்பசி பிறந்திருந்தது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் நீ வைத்த ஒரு துளி கூடப் படுக்கவில்லை. "பாத்தியா, கை சுத்தமானதும் விளைவு போயிருச்சு. அவர் சொன்னது சரிதாம்மா. அந்த அத்தியாயத்த எடுத்துரு, மத்தத வெச்சு டிகிரி வாங்கிரலாம்" என்று கைடு சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. நமக்கு ஒரு பட்டம் கிடைத்து நாம் பிழைத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் நினைத்தார். எனக்கும் உள்ளுக்குள் சந்தேகம் வந்துவிட்டது. அதையும் இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

நீ மட்டும் சொன்னாய். "நான் பாத்ததப் பாக்கலன்னு எழுத மாட்டேன் சார்."

கார்த்திகை முடியும் முன் மதுரையில் உனக்கு வால்வு ஆபரேஷன். மூன்றாம் நாள் நீ இல்லை. கடைசியாக நீ பார்த்த துளிகள் எல்லாம் படுக்காத துளிகள். அதை நினைத்தால்தான் சகாயம், எனக்கு இப்போதும் ஆத்திரம் வருகிறது. சாவு எல்லாருக்கும் வரும். உன் கைதான் அழுக்கு என்ற நினைப்போடு உன்னை அனுப்பிவைத்தோமே, அதை என்னால் பொறுக்க முடியவில்லை.

முப்பதாம் நாள் பூசைக்கு உங்கள் ஊருக்கு வந்தேன். கோயிலிலிருந்து வீட்டுக்கு நடந்தோம். உன் அம்மா எனக்குச் சோறு போட்டு வெஞ்சனம் வைத்தார்கள். சாப்பிட்டு முடித்தேன். பிறகு எதிரே வந்து உட்கார்ந்தார்கள்.

"தாயி, ஒண்ணு கேக்கணும். மெட்ராஸ் பக்கத்துப் பெரிய மனுசரு எம்புள்ள கை அழுக்குன்னாராமே. அன்னைக்கு வீட்டுக்கு வந்து அழுதா. சோப்பக் கரைச்சுக்கிட்டே கெடந்தா. நீ கூடவே இருந்தவ. நெசமாவே அழுக்குத்தானா?"

 அழுக்கா இல்லையா என்று எனக்கே அப்போது நிச்சயம் இல்லை. அவர்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்தேன். உரக்கடைக்காரர் கொடுத்த மாதக் காலண்டர் நவம்பர் தாளோடு கதவுக்குப் பின்னால் தொங்கியது. ஒவ்வொரு கட்டத்திலும் சின்ன எழுத்தில் பேனாவால் எழுதியிருந்தது. கொ, கொ, கொ. உன் கையெழுத்து.

எழுந்துபோய்த் தாள்களைப் புரட்டினேன். எல்லா மாதத்திலும் இருந்தது. ஜூலைத் தாள் முழுக்க மே, மே, மே.

"இது என்னங்கம்மா?"

"அதுவா, காத்து. மேகாத்து, கொண்டல். களத்துல பதரு தூத்துறதுக்கு அவங்கப்பனுக்கு வேணும்ல. படிக்கத் தெரிஞ்ச நாள்லருந்து எழுதுவா. திண்டுக்கல் போனப்பறமும், வாரவாரம் வந்து, இன்னின்ன நாளைக்கு இன்ன காத்துன்னு ஒக்காந்து எழுதுவா. அப்பன் வேணாம்னாலும் கேக்க மாட்டா. ஏன் தாயி?"

மே என்றால் மே மாதம் இல்லை. மேகாத்து, மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று. கொ என்றால் கொஞ்சம் இல்லை. கொண்டல், கிழக்கிலிருந்து கடல் ஈரத்தைத் தூக்கிக்கொண்டு வரும் காற்று. அரிச்சுவடி படித்த நாளிலிருந்து எழுதிய கை, லேபிலும் தானாக எழுதியிருக்கிறது. இரண்டு பட்டம் வாங்கிய நானும் டாக்டர் பட்டம் வாங்கிய கைடும் அதைத் தேதி தெரியாத பெண்ணின் கிறுக்கல் என்று வெட்டி எறிந்திருக்கிறோம்.

அடுத்த பஸ்ஸில் திண்டுக்கல் வந்தேன். லேபில் தரையில் உட்கார்ந்து உன் ரஃப் நோட்டை விரித்தேன். மே என்று போட்ட நாளெல்லாம் துளி படுத்திருந்தது. கொ என்று போட்ட நாளில் ஒன்று கூடப் படுக்கவில்லை. பக்கம் பக்கமாகப் பார்த்தேன். ஒரே ஒரு நாள் கூடத் தப்பவில்லை. நம் லேபில் காற்றின் ஈரத்தை அளக்கும் கருவி கெட்டுப்போய் அலமாரியில் கிடந்தது. அதற்குப் பதிலாக நீ இருந்திருக்கிறாய். நான்தான் அந்தக் கருவியைக் கழற்றிப் போட்டுவிட்டு, அழகான கையெழுத்தில் ஃபேர் நோட்டு எழுதினேன்.

படிக்கிறவர்களுக்கு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்தப் படிகத்தில் பச்சை லேசர் பட்டால் உள்ளே இருக்கும் மின்னூட்டம் நகர்ந்து அதன் முகத்தில் வந்து தங்குகிறது. மின்னூட்டம் உள்ள இடம் தண்ணீரை இழுக்கும். துளி படுத்துப் பரவும். ஆனால் காற்றில் ஈரம் இருந்தால், அந்த ஈரம் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாகப் படிகத்தின் மேல் படிந்து, துளியை வைக்கும் முன்னே மின்னூட்டத்தைக் கசியவிட்டுவிடும். அப்போது வெளிச்சம் பட்ட இடமும் படாத இடமும் ஒன்றுதான். கடலோர நகரத்தில் எந்தக் காற்று அடித்தாலும் ஈரம்தான். அவர்களுக்கு ஒன்றும் தெரியாமல் போனதில் வியப்பே இல்லை. ஐப்பசியில் உன் துளி படுக்காமல் போனதற்குக் காரணம் கொண்டல். உன் கை இல்லை, சகாயம். உன் கை இல்லவே இல்லை.

மேகாத்து வர ஆனி ஆடி வரை காத்திருக்க வேண்டும். எனக்குப் பொறுமை இல்லை. நாகல் நகர் பக்கம் ஒரு கடையில் பழைய மீன்தொட்டி ஒன்றை வாங்கிக் கவிழ்த்துப் போட்டேன். லேபில் இருந்த சிலிகா ஜெல், ஈரத்தை உறிஞ்சி ரோஸ் நிறமாகக் கிடந்தது. அதை ஹாஸ்டல் அடுப்பில் தோசைக்கல்லில் போட்டு நீலமாகும்வரை வறுத்தேன். சமையல்கார அக்கா, "என்ன வறுவல் இது, தின்னா உயிரோட இருக்கலாமா?" என்று கேட்டுவிட்டுத் தோசைக்கல்லைப் பிடுங்கிக்கொண்டு போனார். நீலக் கற்களைத் தட்டில் பரப்பித் தொட்டிக்குள் வைத்தேன். படிகத்தையும் உள்ளே வைத்தேன். காற்று காய்ந்ததும் கண்ணாடி வழியாக லேசரை அடித்து நிறுத்தி, சின்ன ஓட்டை வழியாக ஊசிக்குழாயால் துளி வைத்தேன்.

வெளியே மார்கழி மழை தூறிக்கொண்டிருந்தது. உள்ளே துளி படுத்தது.

நான் அழுதேன். கூப்பிட யாரும் இல்லை. மேல்மாடி முழுக்கக் கேட்கும்படி "சம்பந்தி" என்று ஒரு முறை கூப்பிட்டும் பார்த்தேன். பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ, எனக்குக் கவலை இல்லை.

கைடிடம் சொன்னேன்.  "சரிம்மா, நல்ல விசயந்தான். ஆனா அவ இல்ல. அந்தப் பேராசிரியர்தான் உன் தீசிஸுக்கு எக்ஸாமினரா வரப்போறாரு. அவரைப் பகைச்சுக்கிட்டா உன் டிகிரியும் போயிரும். விட்டுரேன்" என்றார். "அவருக்கே காட்டிட்டு வரேனுங்க சார்" என்றேன். "தோத்துட்டு வந்தா நான் கையெழுத்துப் போட மாட்டேன்." "போடாதீங்க சார்."

மீன்தொட்டியைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ரயில் ஏறினேன். வழியில் வீட்டுக் கொய்யாப்பழம் தின்றேன். அவருடைய ஆய்வகத்துக்குப் போனதும், கை கழுவ இடம் அந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒரு மாணவி மரியாதையாகச் சொன்னாள். வேண்டாம் என்றேன். படிகத்தை இடுக்கியால் மட்டும்தான் தொடுவோம், உனக்குத் தெரியும். இருந்தாலும் அன்று நான் வேண்டுமென்றேதான் கழுவவில்லை.

முதலில் அவருடைய மேசையில், திறந்த காற்றில், செய்து காட்டினேன். துளி உருண்டு நின்றது. "நாங்க சொன்னதுதானே" என்றார். தொட்டியைக் கவிழ்த்தேன், நீலக் கற்களை வைத்தேன். காத்திருக்க வேண்டும் என்றேன். அவர் டீ குடித்துவிட்டு வந்தார். அதே கல், அதே லேசர், அதே ஊசிக்குழாய். நிழலைச் சுவரில் விழவைத்தேன். துளி படுத்தது. பாகைமானியை அவர் கையிலேயே கொடுத்தேன். அவரே அளந்தார். படிகத்தை எடுத்து வேறு துண்டு வைத்து, தன் மாணவியை விட்டு மறுபடி செய்யச் சொன்னார். அதுவும் படுத்தது.

"என்ன மாத்தினீங்க?"

"காத்த மாத்தினேனுங்க சார். சகாயமேரி நோட்டுல எழுதி வெச்சிருந்தா. ஃபேர் நோட்டுல நான்தான் விட்டுட்டேன்."

உன் ரஃப் நோட்டை அவர் முன்னால் வைத்தேன். அவர் நல்ல தமிழ் படிப்பார். மே, கொ என்று ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே பக்கங்களைத் திருப்பினார். "அவங்ககிட்ட நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றார். நான் பரவாயில்லை என்று சொல்லவில்லை. பரவாயில்லை என்று சொல்ல வேண்டியவள் நீ. நான் யார் அதைச் சொல்ல? "இப்பப் பாத்தத எழுதிக் குடுங்க சார்" என்று மட்டும் கேட்டேன். எழுதிக் கொடுத்தார்.

அவரே எக்ஸாமினராக வந்தார். என் ஆய்வேட்டில் நான்காம் அத்தியாயம் முழுக்க உன் அளவீடுகள், உன் பெயரோடு. வாய்மொழித் தேர்வில், கூடம் நிறைய ஆட்கள் இருக்க, ஒரு இடத்தில் நான் நிறுத்தி, "ஜாயினிங் ஆங்கிள்" என்று அழுத்தமாகச் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அந்தப் பேராசிரியர் தலையைக் குனிந்து எதையோ எழுதிக்கொண்டார்.

அதன் பிறகு கட்டுரை. எல்லா ஆசிரியர்களும் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஒரு படிவம் வந்தது. இங்கேதான் கைடு உன் பெயரைப் பின்னால் தள்ளச் சொன்னது. உயிரோடு இல்லாதவள் எப்படிக் கையெழுத்துப் போடுவாள் என்று பத்திரிகையிலும் கேட்டார்கள். அவள் ஏற்கெனவே போட்டுவிட்டாள் என்று பதில் எழுதினேன். உன் ரஃப் நோட்டைப் பக்கம் பக்கமாக ஜெராக்ஸ் எடுத்து அனுப்பினேன். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சகாயமேரி, சகாயமேரி, சகாயமேரி. அதற்கு மேல் அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. கைடும் தன் கையெழுத்தைப் போட்டார். போட்டுவிட்டு, "பேங்க் செக்கு மாதிரி இருக்கும்மா" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

இன்று காலை அந்தப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்குப் போனேன். உன் அப்பா களத்தில் இருந்தார். அம்மா வாசலிலேயே எழுந்து நின்றார்கள். முப்பதாம் நாள் அவர்கள் கேட்டதற்கு அன்றே பதில் சொல்லாமல் வந்தவள் நான். அதன் பிறகு எத்தனையோ முறை போயும், எல்லாம் அச்சில் வரட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். உன் பெயர் இருந்த வரியில் அவர்கள் விரலைப் பிடித்து வைத்தேன்.

"அம்மா, அன்னைக்கு ஒண்ணு கேட்டீங்க. இப்பச் சொல்றேனுங்க. அவ கையில அழுக்கு இல்ல. அவ எழுதுனது அத்தனையும் நெசம். தப்பு எங்க பேர்லதான்."

அம்மா அந்த வரியையே தடவிக்கொண்டிருந்தார்கள். அழுவார்கள் என்று நினைத்தேன். அழவில்லை.

"பெட்டியில வைக்கிறதுக்கு முன்ன அவ கைய நாந்தேன் தாயி கழுவிவிட்டேன். வெரலு வெரலாக் கழுவுனேன். சுத்தமாத்தேன் இருந்துச்சு. எனக்கு அன்னைக்கே தெரியும். நீ ஊருக்குச் சொல்லு."

சொல்கிறேன், சகாயம். அதற்காகத்தான் நாலு பேர் படிக்கும்படி இந்தக் கடிதம்.

இப்போது அதே மாடியில் நான் வேலை பார்க்கிறேன். என்னிடம் வருகிற பிள்ளைகளுக்கு ரஃப் நோட்டு மட்டும்தான், ஃபேர் நோட்டு கிடையாது. மார்ஜினில் என்ன எழுதியிருந்தாலும் அதற்கு அர்த்தம் கேட்காமல் ஒரு பக்கத்தைக் கூட நான் திருப்புவதில்லை. ஈரம் அளக்கும் கருவி புதிதாக வாங்கியாகிவிட்டது. அது காட்டும் எண்ணுக்குப் பக்கத்தில் காற்றின் பெயரையும் எழுத வேண்டும் என்பது என் லேப் சட்டம். எதற்கு மேடம் என்று கேட்கிறவர்களிடம் உன் கதையைச் சொல்வேன். வெட்டச் சொல்லி யார் வந்தாலும் வெட்ட மாட்டேன். என் கையில் பேனா இருக்கும்வரை உன் ஓரம் வெறுமையாக இருக்காது. இது சத்தியம்.

உங்கள் வீட்டிலிருந்து கிளம்பும்போது அம்மா காலண்டரைக் காட்டினார்கள். முப்பதாம் நாளுக்குப் பிறகு அந்தக் கதவுக்குப் பின்னால் பார்க்க எனக்கு மனம் வந்ததில்லை. நீ போன மாதத்தோடு கட்டங்கள் வெறுமையாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. எழுத்துத் தெரியாத அம்மா, உன் எழுத்தைப் பார்த்துப் பார்த்து வரைந்து, ஒவ்வொரு வருடக் காலண்டரிலும் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள். கோணல் கோணலாக, பெரிது பெரிதாக. இன்றைய கட்டம் மட்டும் காலியாக இருந்தது. பேனாவை என்னிடம் கொடுத்தார்கள். வாசலுக்கு வந்து முகத்தைக் காற்றுக்கு நீட்டிப் பார்த்துவிட்டு எழுதினேன்.

இந்தக் கடிதத்துக்கும் அதையே தேதியாகப் போடுகிறேன்.

திண்டுக்கல்,
மே.

உன் கல் வீட்டுச் சம்பந்தி,
தனலட்சுமி